எம்51 இல் ஒரு புள்ளி, 38 போட்டன்கள்: இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

கொக்குவில்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் படிக்கிறேன், இறுதி வருடம். ஆய்வுக்கு நானே விரும்பிக் கேட்டு எடுத்த தலைப்பு, அருகில் உள்ள பேரடைகளிலிருந்து வரும் எக்ஸ் கதிர். மேற்பார்வை செய்யும் சேர் திண்மநிலைப் பௌதிகக்காரர். "எனக்கும் இது புதுசு, நீர் படித்துக்கொண்டு வந்து எனக்கும் சொல்லும்" என்று சொல்லித்தான் கையெழுத்து வைத்தார். அதனால் சந்தேகம் வந்தால் இங்கேதான் வரவேண்டியிருக்கிறது.

பூமியைச் சுற்றிவரும் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் பொதுக் காப்பகத்திலிருந்து எம்51 என்ற சுழல் பேரடையின் தரவு ஒன்றை இறக்கினேன். 2001 யூனில் எடுத்தது, ஏறக்குறைய 27,000 செக்கன். 2012 இல் எடுத்த நீண்ட அவதானிப்புகளும் இருக்கின்றன. ஆனால் என்னுடைய போன் டேட்டாவுக்குத் தாங்கக்கூடியது இதுதான். அதற்கே இரண்டு இரவு, பன்னிரண்டு மணிக்குப் பிறகு விழித்திருந்தேன்.

டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறந்தபோது எதிர்பார்த்த சுழல் தெரியவில்லை. கறுப்புத் திரையில் உப்பைத் தூவியது போல இருந்தது. மேற்குப் பக்கக் கையின் ஓரத்தில் தனியாக ஒரு புள்ளி. இரண்டு விகலை ஆரையில் வட்டம் போட்டு, உள்ளே விழுந்த போட்டன்களை, அதாவது ஒளித்துகள்களை, எண்ணினேன். 38 போட்டன்கள். 2 கிலோ இலத்திரன்வோல்ட்டுக்குக் கீழே 24, மேலே 14. ஒவ்வொரு போட்டனுக்கும் கோப்பில் ஒரு வரி இருக்கிறது: வந்த நேரம், விழுந்த இடம், சக்தி. 38 வரிகளையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு கோடியே எண்பது லட்சம் ஒளியாண்டு தூரத்திலிருந்து வந்தவை என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

பிறகு கையேட்டில் சொன்னபடி பெட்டிக்குப் பத்துப் போட்டன் வீதம் சேர்த்து, எக்ஸ்ஸ்பெக் என்ற நிறமாலை மென்பொருளில், வழியில் வாயு உறிஞ்சுவதையும் சேர்த்து ஒரு அடுக்கு விதியைப் பொருத்தினேன். கோடு புள்ளிகளின் மேலேயே போனது. கோடு தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் கை வர்க்கம் 0.02. சக்தி கூடக் கூடப் போட்டன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் போட்டன் சுட்டி 2.9. அன்று பின்னேரம் முழுக்கச் சந்தோசமாக இருந்தேன். அடுத்த நாள் காலையில்தான் பார்த்தேன், பெட்டிகள் மூன்று, பரமானங்களும் மூன்று. சுயாதீனப் படி பூச்சியம், பொருத்தத்தைச் சோதிக்க எதுவும் மிஞ்சவில்லை.

என் கேள்விகள் இரண்டு. ஒன்று, 38 போட்டன்களை வைத்து நேர்மையாக என்ன சொல்லலாம்? அல்லது இந்தப் புள்ளியை விட்டுவிட்டு வெளிச்சமான வேறொன்றைப் பார்க்க வேண்டுமா?

இரண்டாவது, கொஞ்சம் மனதைக் குழப்புகிற கேள்வி. எங்கள் மாமா படித்தவர், கெட்ட எண்ணத்தில் சொல்பவர் இல்லை. "யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, ஒரு தொலைநோக்கியும் இல்லாமல், மற்றவர்கள் எடுத்து முடித்ததைக் கிண்டுவது ஆராய்ச்சியா பிள்ளை?" என்று கேட்டார். அப்போது பதில் சொல்ல வரவில்லை.


எக்ஸ்ரே அறை எழுதியது:

தங்கச்சி, நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. வானியல் தெரியாது. ஆனாலும் நீங்கள் எழுதியதில் ஒரு விடயம் என்னைப் பிடித்துவிட்டது.

நாங்கள் நெஞ்சுப் படம் எடுக்கும்போது குழாய்க்கு 100, 120 கிலோவோல்ட் கொடுப்போம். குழாயிலிருந்து எல்லாச் சக்தியிலும் கதிர் வரும். அதில் கீழ்ச்சக்திக் கதிர்களை அலுமினியத் தகடு வைத்து வடித்துவிடுவோம். அவை ஆளின் உடம்பைத் தாண்டிப் படத்துக்கு வந்து சேராது, தோலுக்குள்ளேயே நின்றுவிடும். நோயாளிக்குக் கேடு, படத்துக்குப் பிரயோசனம் இல்லை. நீங்கள் எண்ணுவது 0.5 முதல் 8 கிலோ இலத்திரன்வோல்ட் வரைதானே? நாங்கள் வடித்து விடுகிறதைத்தான் நீங்கள் ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியில் எழுதுகிறீர்கள். இன்று வேலையில் அந்தத் தகட்டைப் பார்க்கும்போது இது ஞாபகம் வந்தது.

ஒரு கிலோ இலத்திரன்வோல்ட் கதிர் சாதாரணக் காற்றில் சில மில்லிமீற்றர் போவதற்குள் அடங்கிவிடும். வளிமண்டலம் முழுவதையும் தாண்டி அது எப்படித் தரைக்கு வரும்? மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். கீரிமலையில் தொலைநோக்கி வைத்தாலும், உலகத்தின் மிக உயரமான மலையில் வைத்தாலும் இந்தக் கதிர் தெரியாது.

அப்புறம் 38 பற்றி. கதிர் அளவைக் குறைத்துப் படம் எடுத்தால் படம் மணல் மணலாக வரும். கருவிப் பழுது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அது போட்டன் போதாமை. அந்த மணலுக்குள் முறிவு இருக்கிறதா என்று ஒரு வைத்தியர் கேட்டால், சில நேரம் "தெரிகிறது" என்று சொல்லலாம், சில நேரம் "இந்தப் படத்தில் சொல்ல முடியாது" என்று சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் உங்களுக்குச் சரியாகச் சொல்வார்கள். நானும் இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.


நெல்லியடி லினக்ஸ் எழுதியது:

வேகமாக மூன்று விசயம் சொல்கிறேன்.

பெட்டிக்குப் பத்து என்று சேர்ப்பதை நிறுத்துங்கள். பெட்டிக்கு ஒன்று என்று வையுங்கள், எக்ஸ்ஸ்பெக்கில் புள்ளியியலைக் கை வர்க்கத்திலிருந்து சி-ஸ்டாட்டுக்கு மாற்றுங்கள். ஒரு வரிக் கட்டளைதான்.

பெரிய கோப்புகளை இறக்கத் தேவையில்லாமலும் செய்யலாம். நாசாவின் ஹீசார்க் காப்பகத்தை சைசேர்வர் என்ற இணையத் தளத்தோடு இணைத்திருக்கிறார்கள். கணக்குத் திறந்தால் மென்பொருளும் தரவும் அவர்களுடைய கணினியிலேயே இருக்கும், நீங்கள் உலாவியில் வேலை செய்யலாம். விளைவுப் படத்தை மட்டும் இறக்கினால் போதும். கட்டணம் இல்லை. நெல்லியடியில் மழை நாளில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அப்போதும் நான் அதில் வேலை செய்திருக்கிறேன்.

மூன்றாவது முக்கியம். எந்தச் சக்தியில் கருவி எவ்வளவு போட்டனைப் பிடிக்கும் என்று சொல்லும் பரப்பு வினைத்திறன் கோப்பை அந்த அவதானிப்பின் திகதிக்கே உருவாக்குங்கள். சந்திராவின் உணரிக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியில் வருடக்கணக்காக ஒரு படலம் படிந்து வருகிறது. கீழ்ச்சக்தியில் கருவியின் பார்வை 2001 இல் இருந்தது போல இப்போது இல்லை. வேறொரு வருடத்துக் கோப்பைப் போட்டால் எல்லாம் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் பிழையாக இருக்கும்.


அளவெட்டியாள் எழுதியது:

பிள்ளை, உமது கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். நான் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களில் ஆய்வு செய்து பட்டம் எடுத்தவள். வெளிநாட்டில் பல வருடம் அதே வேலை. அம்மாவைப் பார்க்க மூன்று வருடத்துக்கு முன் அளவெட்டிக்குத் திரும்பி வந்தேன். இப்போதும் அதே வேலைதான், முன் விறாந்தையில் மேசை போட்டு. அதனால் உமது இரண்டாவது கேள்விக்கும் என்னிடம் ஏதோ இருக்கிறது. முதலில் 38.

சுயாதீனப் படி பூச்சியம் என்பதை நீரே கண்டீர், அது பெரிய விசயம். மூன்று பெட்டிக்குள்ளால் மூன்று பரமானக் கோடு எப்போதும் போகும். அது பொருந்தாமல் இருக்க வழியே இல்லை. சுட்டி 2.9 ஐ இப்போதே கொப்பியில் வெட்டிவிடும். கை வர்க்கம், ஒவ்வொரு பெட்டியிலும் வழு சாதாரணப் பரம்பல் போல இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். பெட்டிக்கு இருபது, இருபத்தைந்து போட்டன் இருந்தால் அது பரவாயில்லை. உம்மிடம் இருப்பது ஒன்று, இரண்டு, பூச்சியம், பூச்சியம், ஒன்று. அதற்குப் புவாசோன் பரம்பல்தான் சரி. 1979 இல் காஷ் என்பவர் இதை எழுதினார், சி-ஸ்டாட்டில் இருக்கும் சி அவருடையது. நெல்லியடித் தம்பி சொன்னபடி செய்யும். ஆனால் மூன்று பரமானத்தையும் அவிழ்த்து விடாதீர். உறிஞ்சலை நம் பால்வீதியின் அளவில் கட்டிவிடும். எம்51 இன் திசையில் நம் வாயு மிகக் குறைவு, அது நல்ல வசதி. மிஞ்சுவது சுட்டியும் அளவும் மட்டும். சுட்டியின் வழு எல்லை அகலமாக வரும். அகலமாகவே எழுதும்.

இனி நேர்மையாகச் சொல்லக்கூடியது. 38 என்றால் 38, கூட்டிக் குறைக்க 6. ஆறில் ஒரு பங்கு வழு. 27,000 செக்கனால் பிரியும், கருவியின் பரப்பைக் கொண்டு பாயமாக மாற்றும், நாலு பை தூர வர்க்கத்தால் பெருக்கும். நான் கடித உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். செக்கனுக்கு 10 இன் 38 ஆம் அடுக்கு ஏர்க்குக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சூரியன் எல்லா ஒளியிலும் சேர்த்து வெளிவிடுவதைப் போல இருபதாயிரம் மடங்கு, அதுவும் எக்ஸ் கதிரில் மட்டும். ஒரு சாதாரண விண்மீனால் இது நடக்காது.

எதனால் நடக்கும்? எங்கள் வளவுக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டால் தண்ணீர் சூடாவது கைக்குத் தெரியாது, கிணறு ஆழம் போதாது. நியூத்திரன் விண்மீன் என்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஆரைக்குள் 1.4 சூரியனை அடைத்து வைத்த கிணறு. ஐதரசன் எரிந்து ஈலியம் ஆகும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் சக்தியாகும். அதே வாயு இந்தக் கிணற்றில் விழுந்தால் பத்துச் சதவீதத்துக்கும் மேலே. துணை விண்மீனிலிருந்து வரும் வாயு நேரே விழ முடியாது. சுற்றிச் சுற்றி வட்டாகி, உரசி, கோடிப் பாகையில் காய்ந்து எக்ஸ் கதிராக எரிகிறது. உமது புள்ளி எரிவதற்கு எவ்வளவு தீனி வேண்டும் என்றும் போட்டுப் பார்த்தேன். நாலைந்து வருடத்துக்கு ஒரு சந்திரன் எடை.

இதற்கு ஒரு மேல் எல்லை இருக்கிறது. ஒளி கூடக் கூட அது வாயுவை வெளியே தள்ளும். ஒரு சூரிய நிறைக்குச் செக்கனுக்கு 1.3 பெருக்கல் 10 இன் 38 ஆம் அடுக்கு ஏர்க், இதை எடிங்டன் எல்லை என்கிறோம். 1.4 சூரியனுக்கு 1.8. உமது புள்ளி அதில் பாதிக்குக் கிட்ட நிற்கிறது. நன்றாகச் சாப்பிடும் ஒரு நியூத்திரன் விண்மீன், அல்லது நிதானமாகச் சாப்பிடும் ஒரு கருந்துளை. எது என்று 38 போட்டன் சொல்லாது. இன்னொன்றும் எழுத வேண்டும்: பேரடைக்கு வெகு பின்னால் இருக்கும் வேறொரு பேரடையின் கருவாகவும் அது இருக்கலாம். எம்51 இன் பரப்புக்குள் தெரியும் புள்ளிகளில் ஒரு சில அப்படிப்பட்டவைதான். அந்த 1.4, இறந்த விண்மீன் ஒன்று வெள்ளைக் குள்ளனாகவே நிற்கக்கூடிய உச்ச நிறை. 1930 இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் பத்தொன்பது வயதில் சந்திரசேகர் தொடங்கிய கணக்கு. நீர் தரவு எடுத்த தொலைநோக்கிக்கு அவருடைய பெயர்தான்.

வெளிச்சமான வேறொன்றுக்குப் போகலாமா என்று கேட்டீர். நடுவில் உள்ளதைத் தொடாதீர், இப்போதைக்கு. அது தடித்த வாயுவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பெருங்கருந்துளை, அங்கிருந்து நேரே வருவது குறைவு. வருவதில் இரும்பின் 6.4 கிலோ இலத்திரன்வோல்ட் கோடு தூக்கலாகத் தெரியும். அழகானது, ஆனால் வேறு பாடம். மற்றது, வெளிச்சத்தில் ஒரு பொறி இருக்கிறது. என் முதல் வருடத்தில் மிக வெளிச்சமான ஒரு மூலத்தை எடுத்தேன். ஆயிரக்கணக்கில் போட்டன், கை வர்க்கம் ஒன்றுக்குப் பக்கத்தில். நிறமாலை வழமைக்கு மாறாகக் கடினமாக இருந்தது. அதற்கு ஒரு விளக்கம் எழுதி, நாலு மாதம் அதில் போயிற்று. சந்திராவின் உணரி சாதாரணமாக 3.2 செக்கனுக்கு ஒரு தரம்தான் படத்தை வாசிக்கும். அந்த இடைவெளியில் ஒரே இடத்தில் இரண்டு போட்டன் விழுந்தால், இரண்டின் சக்தியையும் கூட்டி ஒன்றாக எழுதிவிடும். நான் கண்ட கடினம் அதுதான். நாலு மாதமும் நான் கோப்பின் வரிகளைத் திறந்து பார்க்கவே இல்லை, வரைபை மட்டும் பார்த்தேன். நீர் 38 வரியையும் கையால் எழுதினேன் என்றதும் எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

இப்போது மாமா. அவர் சொன்னதில் கோபிக்க ஒன்றும் இல்லை, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

1990 இல் இங்கே கரண்ட் போனது. பிறகு வருடக்கணக்காக வரவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்போம். எண்ணெய் மிச்சம் பிடிக்க ஏழு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் பாய் போட்டுப் படுப்போம். குடாநாடு முழுக்க இருட்டு. அப்படி ஒரு வானத்தை நான் பிறகு எந்த நாட்டிலும் பார்க்கவில்லை. அப்பா தேளைக் காட்டுவார், வால், கொடுக்கு, நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை. வடக்கே சப்தரிஷியில் அருந்ததியைக் காட்டுவார், அங்கிருந்து வால் நுனி மரீசி. தேளின் தலைப் பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் வளர்ந்தேன். 1962 யூனில் நியூ மெக்சிக்கோவிலிருந்து கியக்கோனி என்ற பௌதிகவியலாளரின் குழு ஒரு ரொக்கெற் அனுப்பியது. சந்திரனிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்கப் போனது அது. வளிமண்டலத்துக்கு மேலே நின்றது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் கண்டது, சூரியனை விட்டால் எக்ஸ் கதிர் வானத்திலேயே மிகப் பிரகாசமாக எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் மூலம், ஸ்கோர்ப்பியஸ் எக்ஸ்-1. அது அந்த வெற்றிடத்தில் இருக்கிறது. நியூத்திரன் விண்மீன் ஒன்று துணையிடமிருந்து வாயுவை இழுத்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நல்ல இருட்டில், இவ்வளவு நல்ல கண்ணோடு, ஒவ்வொரு இரவும் நேரே பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. அதன் எக்ஸ் கதிர் கண்ணாலோ தரையில் இருக்கும் எந்தக் கருவியாலோ யாருக்கும் தெரிந்திருக்காது.

மாமாவுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சாதாரண ஒளி வானியலில் சிலியில் மலை உள்ளவனுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் உண்டு, மறுக்க மாட்டேன். எக்ஸ் கதிருக்கு வானம் எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடியிருக்கிறது. சந்திராவின் அறிவியல் பணியை நடத்துகிறவர்கள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கிறார்கள், அவர்களும் தொலைநோக்கிக்குள் கண்ணை வைப்பதில்லை. அது பூமியிலிருந்து சந்திரன் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய் வருகிறது. அவர்கள் திறக்கும் கோப்பும் உமது கோப்பும் ஒன்று, எழுத்துக்கு எழுத்து.

"எடுத்து முடித்தது" என்ற சொல் மட்டும் சரியில்லை. உமது எம்51 ஐயே எடும். 2012 இல் எடுத்த தரவு எல்லோருக்கும் திறந்து கிடந்தது. 2018 இல் ஒரு குழு அதற்குள் 4.5 கிலோ இலத்திரன்வோல்ட்டில் ஒரு உறிஞ்சல் கோட்டைக் கண்டது. காந்தப் புலத்தில் துகள்கள் சுழல்வதால் வரும் கோடு. கருந்துளையாக இருக்கலாம் என்று எண்ணியிருந்த அதிபிரகாச மூலம் ஒன்று நியூத்திரன் விண்மீன் என்று அப்போது தெரிந்தது. 2021 இல் இன்னொரு குழு, அதே பேரடையில் இன்னொரு மூலம் மூன்று மணித்தியாலம் மங்கியதைக் காட்டி, சனியளவு கோள் ஒன்று குறுக்கே போயிருக்கலாம் என்று எழுதியது. அது உறுதிப்படவில்லை, ஆனால் அந்தத் தரவும் 2012 இல் எடுத்ததுதான். ஒன்பது வருடம் கோப்புக்குள் கிடந்தது.

செய்ய வேண்டியது ஒன்று. எம்51 க்கு 2000 யூனில் எடுத்த அவதானிப்பு இருக்கிறது, கிட்டத்தட்ட 15,000 செக்கன். சின்னக் கோப்பு. உமது புள்ளி அப்போதும் இதே வெளிச்சத்தில் இருந்திருந்தால் எத்தனை போட்டன் வரவேண்டும் என்று கோப்பைத் திறக்க முதல் கொப்பியில் எழுதும். திகதி போட்டு எழுதும். பிறகு திறவும்.


கொக்குவில்காரி எழுதியது:

அக்கா, உங்கள் பதிலை அச்செடுத்து மேசையில் ஒட்டியிருக்கிறேன். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அருந்ததி வரும் இடத்தில் நிறுத்தி "இதற்குப் பக்கத்திலா உன்னுடைய பேரடை?" என்று கேட்டார். மரீசிக்கு மூன்றரைப் பாகை தள்ளி என்றேன். இரவு அவரே முற்றத்துக்கு வந்தார்.

சி-ஸ்டாட்டில் மறுபடி செய்தேன். உறிஞ்சலைக் கட்டினேன், கருவிக் கோப்பை 2001 திகதிக்கு உருவாக்கினேன். சுட்டி 1.8, எல்லை 1.3 இலிருந்து 2.4 வரை. 2.9 ஐ வெட்டிவிட்டேன்.

பிறகு கொப்பியில் எழுதினேன்: 38 பெருக்கல் 15, பிரித்தல் 27, ஏறக்குறைய 21. திகதி போட்டேன். சேரிடம் காட்டி அவருடைய கையெழுத்தும் வாங்கினேன்.

நேற்று இரவு திறந்தேன். அதே இடம், அதே வட்டம். 4.

மூன்று தரம் எண்ணினேன். புவாசோன் கணக்குப் போட்டால் 21 வரவேண்டிய இடத்தில் நாலோ அதற்குக் குறைவோ வருவதற்கு லட்சத்தில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. கை நடுங்கிவிட்டது. இது மாறுகிறது என்று எழுதலாமா அக்கா?


எக்ஸ்ரே அறை எழுதியது:

நாலு! நான் இரவு வேலையில் இருந்துகொண்டு வாசிக்கிறேன். வாழ்த்துகள் தங்கச்சி.


அளவெட்டியாள் எழுதியது:

நல்லது பிள்ளை, மிக நல்லது. எழுத முதல் மூன்று காரியம்.

அந்தப் புள்ளி 2000 இல் உணரியின் ஓரத்திலோ இரண்டு சில்லுகளுக்கு இடையிலோ விழுந்ததா என்று பாரும். தொலைநோக்கி மெல்ல ஆடிக்கொண்டே படம் எடுக்கும், இடைவெளியில் விழுந்தால் நேரத்தில் பாதி காணாமல் போகும். வானத்தின் ஒவ்வொரு இடத்தையும் உணரி எவ்வளவு நேரம் பார்த்தது என்று காட்டும் வெளிப்பாட்டு வரைபடம் செய்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது, உமது நிகழ்தகவு சற்றுக் கூடுதலாகத் துணிந்துவிட்டது. 21 என்பதை உறுதியான எண்ணாக எடுத்திருக்கிறீர். அது 38 இலிருந்து வந்தது, 38 க்கே வழு உண்டு. இரண்டையும் சேர்த்து யோசியும்: மொத்தம் 42 போட்டன், அவை நேரத்தின் விகிதப்படி இரண்டு அவதானிப்புக்கும் பிரிந்தால் 2000 க்கு 15 வரவேண்டும். நாலோ குறைவோ வருவதற்கு ஈருறுப்புக் கணக்கில் பத்தாயிரத்தில் ஒன்று அளவு. இன்னும் வலுவானதுதான். ஆனால் எழுதும்போது இதை எழுதும்.

மூன்றாவது கேள்விக்கு உம்மால்தான் பதில் சொல்ல முடியும். இந்தப் புள்ளியை எடுக்க முதல் எத்தனை புள்ளியை இரண்டு அவதானிப்பிலும் ஒப்பிட்டீர்? நூறைப் பார்த்துவிட்டு மிகவும் மாறிய ஒன்றை எடுத்திருந்தால், பத்தாயிரத்தில் ஒன்று என்பது நூறில் ஒன்றாகிவிடும்.

பின்னால் இருக்கும் பேரடைக் கருவும் மாறும் என்பதை மறக்காதீர். இது இரட்டைதான் என்று இன்னும் எழுதாதீர். ஹபிள் எடுத்த எம்51 படம் பொதுவில் இருக்கிறது. உமது புள்ளியின் இடத்தில் நீலமான இளம் விண்மீன்கள் கூட்டமாக இருக்கின்றனவா என்று பாரும். இருந்தால், பெருவிண்மீன் துணையோடு கூடிய இரட்டை என்ற பக்கம் கொஞ்சம் சாயலாம்.


கொக்குவில்காரி எழுதியது:

வெளிப்பாட்டு வரைபடம் செய்தேன் அக்கா. சில்லின் உள்ளேதான் விழுந்திருக்கிறது, ஓரத்திலிருந்து நல்ல தூரம். நேரம் எதுவும் குறையவில்லை. பத்தாயிரத்தில் ஒன்று என்று மாற்றி எழுதிவிட்டேன், ஈருறுப்புக் கணக்கை முழுதாகப் பின்னிணைப்பில் போடுகிறேன்.

மூன்றாவதுக்குப் பதில்: ஒன்றுதான். தனியாக இருந்தது, வட்டம் போட இலகுவாக இருந்தது, அதனால் எடுத்தேன். 2000 தரவை அதற்கு முதல் திறந்ததே இல்லை. சேரின் கையெழுத்தும் திகதியும் கொப்பியில் இருக்கின்றன.

மற்றப் புள்ளிகளை இனித்தான் பார்க்கப் போகிறேன். பத்துப் போட்டனுக்கு மேல் உள்ளவை எல்லாவற்றுக்கும் 2000 இல் எவ்வளவு வரவேண்டும் என்று முதலில் அட்டவணை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்த பிறகுதான் கோப்பைத் திறப்பேன். ஹபிள் படத்தை மாமா தன்னுடைய டேட்டாவில் இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.